இரவல் பாலை

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் போகிற பஸ்ஸில், ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியைத் தாண்டும் சில நொடிகளுக்குப் பாதிப் பேர் கழுத்தைத் திருப்புவார்கள். நடிகர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. இந்த மாதம் மதிலுக்கு மேலே என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தத் திரும்பல். ஒரு மாதம் கோட்டைச் சுவர், அடுத்த மாதம் கோபுரம், அதற்கடுத்த மாதம் வெறும் சவுக்குக் கம்பும் கோணிச் சாக்கும். 'காலா'வின் தாராவி இங்கேதான் எழுந்தது. 'பிகில்' படத்தின் கால்பந்து மைதானமும் இங்கேதான். ஆனால் சாலையில் போகிறவனுக்கு எப்போதும் தெரிவது செட்டின் முதுகு. முகம் கேமராவுக்கு, முதுகு ஊருக்கு.

ஆவடியில் இருக்கும் என் பெரியப்பா ஒருநாள் என்னோடு காரில் இந்த வழியாக வந்தபோது, மதிலுக்கு மேலே தெரிந்த பிளைவுட் விளிம்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, ஜெய்சங்கர் குதிரையில வருவாரே, அந்த ஊரெல்லாம் எங்க இருக்கு?"

பெரியப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்குகிறார். டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து ஜெய்சங்கரின் கௌபாய் படம் 'கங்கா' பார்த்த தலைமுறை. தொப்பி, இடுப்பில் தோட்டா பெல்ட், வாயில் சுருட்டு, தமிழ் வசனம். இவை நான்கும் ஒன்றாகச் சேர்ந்ததில் அன்று யாருக்கும் எந்த உறுத்தலும் இருக்கவில்லை. "நம்ம ஊர்ல இப்படி ஒரு ஊர் இருக்குன்னு நாங்க நெஜமாவே நம்பினோம்டா" என்றார்.

அந்த ஊர் எங்கேயும் இல்லை பெரியப்பா என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை விடியும் முன் அவரை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் கிளம்பினேன். சென்னை வாசலில் ஈ.வி.பி.யைத் தொட்டுக்கொண்டு போகும் இந்தச் சாலையில் பெங்களூரைத் தாண்டி, மைசூர் வழியில் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம். அரை நூற்றாண்டுக்கு முன் அங்கே ஒரு ஊரைக் கட்டினார்கள். இந்திப் படமான 'ஷோலே'யின் ராம்கட்.

பாலைவனச் சிற்றூர், குதிரை, துப்பாக்கி, கொள்ளைக்கூட்டம். இதை அமெரிக்கச் சரக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலூர் தாண்டி இருபுறமும் மொட்டைப் பாறைகள் எழும்பத் தொடங்கியதும் எனக்கு வேறு ஒரு நினைப்பு வந்தது.

தொல்காப்பியம் நான்கு திணைக்கு நிலம் பிரித்துக் கொடுக்கிறது. பாலைக்கு மட்டும் நிலம் கிடையாது. பின்னால் வந்த இளங்கோவடிகள் காடுகாண் காதையில் அதற்கு ஒரு விளக்கம் வைக்கிறார்: முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையில் தம் இயல்பு கெட்டுப்போகும் காலத்தில் எடுக்கும் வடிவமே பாலை. அதாவது பாலை ஒரு இடமே அல்ல. ஒரு நிலத்துக்குச் சில காலம் நேர்கிற நிலைமை. மழை வந்தால் போய்விடும்.

அந்தப் பாலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வில்லோடு காத்திருக்கும் எயினர், மறவர். வழிப்போக்கரை அடித்துப் பிடுங்கும் ஆறலை கள்வர். செத்தவர்மேல் குவித்த கற்பதுக்கை. மேலே வட்டமிடும் எருவை என்னும் கழுகு. நடுவே, வரிசை வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு உப்பு விற்கப் போகும் உமணர் கூட்டம். ஹாலிவுட் வெஸ்டர்ன் படங்களில் ஐம்பது வண்டி வரிசையாகப் போகுமே, அதேதான். அந்தப் படங்களை எடுத்த ஜான் ஃபோர்டுக்கு உமணரைத் தெரியாது, தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மாடு மட்டும் எங்கே என்று கேட்டால், அது வெட்சியிலும் கரந்தையிலும் இருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மாட்டுக்காகச் செத்தவனுக்கு நடுகல். கிருஷ்ணகிரியில் இடது பக்கம் பிரியும் சாலை ஊத்தங்கரை, செங்கம் என்று போகும். அந்தச் செங்கம் வட்டாரம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள்தான். எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்றில், மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து, எஜமானனின் உடலுக்குக் காவலாக நின்றது என்று பெயரோடு பொறித்து வைத்திருக்கிறார்கள். கௌபாய் கதைக்கு இதைவிட நல்ல முடிவை யார் எழுதியிருக்கிறார்கள்?

வண்டியை அந்தப் பக்கம் திருப்பலாமா என்று கேட்டேன். "கல்லெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஊரைக் காட்டு" என்றார் பெரியப்பா.

தமிழ் கௌபாய் எப்படிப் பிறந்தான் என்பதை ஒரே ஆண்டைக் கொண்டு சொல்லிவிடலாம். 1972. அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான், இந்தியாவின் முதல் கௌபாய் படம் என்று இன்றும் சொல்லப்படும் 'மோசகாள்ளக்கு மோசகாடு' தெலுங்கில் வந்திருந்தது. கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கம், கிருஷ்ணா நாயகன். தெலுங்கு சினிமா சென்னையில் குடியிருந்த காலம் அது. பாலைக்காகப் படக்குழு ராஜஸ்தானின் பிகானேர் வரை போனது. தமிழில் அவ்வளவு தூரம் போகப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆனால் எம். கர்ணன் இருந்தார்.

கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' போன்ற குடும்பப் படங்களில், கண்ணீரும் குத்துவிளக்குமாக இருக்கும் உலகத்தைப் படம் பிடித்தவர். அந்த மனிதர் இயக்குநராகி, கேமராவைத் தரையில் வைத்துக் குதிரைக் குளம்பைப் படம் பிடிக்கத் தொடங்கினார். 1972-இல் மட்டும் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று இரண்டு படம், இரண்டிலும் ஜெய்சங்கர். 1975-இல் 'எங்க பாட்டன் சொத்து'. கதையைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் எங்கே கேமராவை வைத்தால் ஒரு சாதாரணக் கரடு பாலைவனமாகத் தெரியும் என்பது கர்ணனுக்குத் தெரிந்திருந்தது. வானத்தை அதிகம் காட்டு, மரத்தை ஒதுக்கு, புழுதியைக் கிளப்பு. பிகானேருக்கு டிக்கெட் வாங்க வேண்டாம்.

அதே 1972-இல் இன்னும் இரண்டு காரியம் நடந்தது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. ஜெய்சங்கர் மாட்டுக்காரனாகக் குதிரையேறிய அதே வருடத்தில், ஆயிரத்து சொச்சம் வருடத்துக்கு முந்தைய மாட்டுச்சண்டைக் கல்வெட்டுகள் அச்சேறின. இரண்டு தரப்புக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தெரிந்திருந்தால் தமிழ் கௌபாய் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையில் வெட்சிப் பூ சூடியிருப்பானோ என்னவோ.

சிவகாசியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் கௌபாய்க்கு என்று உண்மையில் ஒரு வறண்ட சிற்றூர் இருக்கிறது என்றால் அது சிவகாசிதான். வானம் பார்த்த பூமி, மழை குறைவு என்பதாலேயே பட்டாசுக்கும் அச்சுக்கும் வசதியான ஊர். இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லர் என்ற ரேஞ்சர், எண்பதுகளின் நடுவில் லயன் காமிக்ஸ் வழியாக அங்கே வந்து இறங்கி, இன்றுவரை தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார். இத்தாலியர்கள் கற்பனை செய்த அரிசோனா, விருதுநகர் மாவட்டத்து மையில். சினிமா கௌபாய் நான்கைந்து ஆண்டில் களைத்துப்போனான். காகிதக் கௌபாய் நாற்பது ஆண்டாகக் குதிரையிலிருந்து இறங்கவில்லை. தேவர் ஃபிலிம்ஸின் 'தாய் மீது சத்தியம்' படத்துக்காக 1978-இல் ரஜினி தொப்பி வைத்தார். பிறகு நீண்ட இடைவெளி. 2010-இல் சிம்புதேவன் ராகவா லாரன்ஸை வைத்து 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது, கதை நடக்கும் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். பெரியப்பா கேட்ட ஊர் ஒருவழியாகப் பெயரளவிலாவது கிடைத்தது. 2023-இல் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' படத்தில் அதே ராகவா லாரன்ஸ், கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வழிபடும் மதுரை ரவுடியாக வந்தார். இவற்றுக்கு முன் 2009-இல் வந்த 'குயிக் கன் முருகன்' தனி ரகம்: அசைவ ஓட்டல் முதலாளியோடு மோதும் சைவக் கௌபாய். கிண்டல்தான், ஆனாலும் எனக்கு அவனைப் பிடிக்கும்.

ராமநகரத்துக்குள் நுழைவதற்கே முயற்சி செய்ய வேண்டியிருந்தது. 2023-இல் திறந்த பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை ஊரைத் தொடாமல் போகிறது. கவனமில்லாமல் இருந்தால் சென்னப்பட்டணத்தையும் தாண்டிப் போய்த்தான் நிற்போம். ரயில் பாதை ஒதுங்கிப்போனதால் செத்துப்போகும் ஊர்கள் வெஸ்டர்ன் படங்களில் வரும். ராமநகரம் சாகிற ஊர் அல்ல. ஆசியாவின் மிகப் பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை என்று பெயர் பெற்ற இடம். சந்தைப் பக்கம் போனால் மஞ்சள் கூடுகள் கூடை கூடையாய்க் குவிந்து, அந்தப் பட்டுப்புழு வாடை மூக்கைத் துளைக்கிறது. இங்கே ஒருவருக்கும் 'ஷோலே'யின் கொள்ளைக்காரன் கப்பர் சிங்கால் பிழைப்பு நடக்கவில்லை.

பழைய பெயர் குளோஸ்பேட்டை. மைசூரில் கும்பெனியின் ரெசிடென்டாக இருந்த பாரி குளோஸ் நினைவாக வைத்த பெயர். ஊர் அந்தப் பெயரை உதறிவிட்டது. பாறை மட்டும் விடவில்லை. நிலவியல் புத்தகங்களில் இந்தக் கல்லுக்குக் குளோஸ்பேட்டை கிரானைட் என்றே பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. ராமதேவர் பெட்டா என்னும் இந்தக் குன்றுக்கூட்டம் அந்தக் கல்தான்: உருண்டை உருண்டையாக, ஒன்றன் தலையில் ஒன்று, யாரோ அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனதுபோல.

இந்தக் குன்றுகளைத் தேடிப் பிடித்தவர் கலை இயக்குநர் ராம் யேடேகர். சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர் படம் எடுத்து எடுத்து எல்லோருக்கும் அலுத்திருந்த நேரம். இயக்குநர் ரமேஷ் சிப்பி வேறு நிலம் கேட்டார். யேடேகர் மலையடிவாரத்தில் ஒரு முழு ஊரையே எழுப்பினார். வீடுகள், கோயில், மசூதி, தண்ணீர்த் தொட்டி, தாக்கூர் பங்களா. நெடுஞ்சாலையிலிருந்து அங்கே போய்வரத் தனியாகச் சாலையும் போட்டார்கள். 1973 அக்டோபர் தொடக்கத்தில் படப்பிடிப்பு துவங்கி, ஏறக்குறைய இரண்டு வருடம் இழுத்தது. கதைக்கு மூலம் ஒன்றல்ல. ஜப்பானில் குரோசாவா 1954-இல் எடுத்த 'செவன் சாமுராய்' ஹாலிவுட் போய்க் குதிரையேறி, 1960-இல் 'மேக்னிஃபிசென்ட் செவன்' ஆகி, அங்கிருந்து இங்கே வந்தது. தாக்கூர் குடும்பம் சுட்டுக் கொல்லப்படும் காட்சியில் இத்தாலியின் செர்ஜியோ லியோனே தெரிவார். சண்டைக்கு பிரிட்டனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆக ராமநகரத்துப் பாறைமேல் ஜப்பான், அமெரிக்கா, இத்தாலி, இங்கிலாந்து எல்லாம் ஏறி இறங்கியிருக்கின்றன. டேவிட் லீனும் 1984-இல் வெளிவந்த 'எ பேசேஜ் டு இந்தியா'வின் குகைக் காட்சிகளுக்காக இந்தப் பக்கத்துக் குன்றுகளுக்கு வந்தார்.

எனக்குப் பிடித்த தகவல் வேறு. ஜெயா பாதுரி மாடியில் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு போக, கீழே அமிதாப் மவுத் ஆர்கன் வாசிக்கும் சின்னக் காட்சி. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேசா அந்திக்கும் இரவுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு வெளிச்சம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அது ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் இருக்கும். ஆகவே அந்தக் காட்சிக்கு இருபது நாள் பிடித்தது என்பார்கள். ஒரு பொழுதுக்காக ஊரே காத்திருப்பது. பாலைக்கு நிலம் இல்லை, ஆனால் பெரும்பொழுதும் சிறுபொழுதும் உண்டு என்று இலக்கணம் சொன்னதைத் திவேசா படித்திருக்க வழியில்லை.

1975 ஆகஸ்ட் 15 அன்று படம் வந்தபோது நெருக்கடி நிலை அறிவித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர் தன் காலாலேயே கொள்ளைக்காரனை மிதித்துக் கொல்வதாக எடுத்திருந்த முடிவைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். பழைய முடிவோடு சேர்த்து மீட்டெடுத்த பிரதி, ஐம்பதாம் ஆண்டில், 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா விழாவில் திரையிடப்பட்டது. பெரியப்பா படத்தைப் பார்த்தது ஆவடிக் குடியிருப்பின் வடநாட்டு நண்பர்களோடு. "ஒரு வார்த்தை இந்தி தெரியாது. பக்கத்துல பாண்டே எல்லா டயலாக்கையும் முன்னாடியே சொல்லிட்டே வருவான். அதுவும் இந்தியிலதான்" என்றார்.

மலையடிவாரத்தில் வனத்துறை வாசல். டிக்கெட் வாங்கும்போது அங்கிருந்த ஊழியரிடம், ராம்கட் எங்கே என்று கேட்டோம். அவர் பொதுவாக ஒரு பக்கம் கையைக் காட்டினார். புதர், முள், ஒரு மாமரம், மேயும் ஆடு. படம் முடிந்ததும் செட் பிரிக்கப்பட்டுவிட்டது. கதவு, உத்தரம், ஓடு எதுவும் மிச்சமில்லை. சிப்பி நகர் என்று ஒரு பெயர் மட்டும் கொஞ்ச காலம் அந்தப் பக்கத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷோலே நினைவாக ஏதாவது அமைக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும், அடங்கும்.

ஸ்பெயினின் தபெர்னாஸ் பாலையில் இப்படி இல்லை. லியோனேவின் 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்துக்காகக் கட்டிய தெருவை, படம் முடிந்ததும் உள்ளூர்த் துணை நடிகர்களே வாங்கிச் சுற்றுலா ஊராக்கிவிட்டார்கள். இன்றும் அங்கே வங்கிக் கொள்ளை நேரம் தவறாமல் நடக்கிறது. கலிபோர்னியாவில் பயனியர்டவுன் என்று, 1946-இல் படமெடுக்கவென்றே தொடங்கி, ஆட்கள் குடியேறிய ஊரே உண்டு. அவர்களுடைய பாலை நிரந்தரப் பாலை. செட் போனாலும் நிலம் அப்படியே இருக்கும். நம்முடையது அப்படியல்ல. கேமரா இருந்தவரை பாலை; லாரி கிளம்பியதும் குறிஞ்சி.

நானூறுக்கு மேற்பட்ட படிகள், உச்சியில் ராமர் கோயில். பெரியப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே செங்குத்துப் பாறைமுகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கறை. கழுகு எச்சம். 2012-இல் இந்த இடம், சுமார் 346 ஹெக்டேர், பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. நீண்ட அலகுக் கழுகுகள் இந்தப் பாறை இடுக்கில்தான் கூடு கட்டும். மாட்டுக்கு வலி நீங்கப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, தொண்ணூறுகளில் நாடு முழுக்க அவற்றைத் துடைத்துப்போட்டது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டபோது மிஞ்சியவை கொஞ்சம். இங்கே இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சங்கப் பாடலின் எருவை, கடைசியில் ஒரு சினிமா மலையில் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிறது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மிக உயரத்தில், சிறகசைக்காமல், ஒன்றே ஒன்று சுற்றியது. கழுகா பருந்தா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பெரியப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"இங்க உட்கார்ந்துதான் கப்பர் சிங் எத்தனை பேருன்னு கேட்டான்" என்றார், தான் உட்கார்ந்திருந்த பாறையைத் தட்டி. மலையில் பாதிப் பாறைகளை அப்படிச் சொல்லலாம். நான் மறுக்கவில்லை. கீழேயிருந்து ஏறிவந்த கல்லூரிப் பையன்கள் இருவர் அதே பாறையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை இருட்டிவிட்டது. ஈ.வி.பி. மதிலுக்குள் உயரத்தில் விளக்குகள் எரிந்தன. இதே வளாகத்தில்தான் 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து படக்குழுவினர் மூன்று பேர் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் அதை மறந்தவர்கள் இல்லை. செட் வேலைக்குப் போகிறவர்கள் பூந்தமல்லியிலும் குன்றத்தூரிலும் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். முப்பது வருட செட் பெயின்டர். புதுச் சுவரை நூறு வருடப் பழசாக்குவது அவர் வேலை. மறுநாள் காலை டீக்கடையில் அவரிடம் பெரியப்பா பயணத்தை விவரித்தார். கப்பர் பாறை, கழுகு, படிக்கட்டு எல்லாம். அவர் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பாறை என்ன கலர்ல இருந்துச்சு?"

"சாம்பல்" என்றேன் நான்.

"செம்மண் கலர். படத்துல பார்த்த அதே கலர்" என்றார் பெரியப்பா.

பெயின்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மலைமேல எத்தனை மணிக்கு இருந்தீங்க?"

"மூணு இருக்கும்."

"அப்ப சாம்பல்தான் சார்" என்றார், கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டு. "இன்னும் மூணு மணி நேரம் உட்கார்ந்திருக்கணும்."